“கவர் இருக்கா?” இனி கேட்காதீங்க! ஒரு பழைய சேலையில் 12 பை தைக்கலாம்

“கவர் இருக்கா?”

சாயங்கால நேரத்தில் சென்னைக் காய்கறிக் கடைகளில் ஓயாமல் காதில் விழும் கேள்வி இது.

ஆபீஸ் விட்டு வருகிறவர் கையை வீசிக்கொண்டு வருகிறார். அரைக் கிலோ தக்காளி, கால் கிலோ வெண்டைக்காய், ஒரு கட்டுக் கீரை. எல்லாம் எடை போட்டாகிவிட்டது. பிறகுதான் பையின் நினைப்பு வருகிறது.

“கவர் இல்லீங்க சார். போலீஸ் மாதிரி வந்து பிடிக்கிறாங்க” என்கிறார் கடைக்கார அம்மா.

“அப்ப காய் வேணாம்மா. எப்படி எடுத்துட்டுப் போறது?”

போட்ட எடை மறுபடி கூடைக்குப் போகிறது. ஒரு வியாபாரம் போச்சு!

கவர் கொடுத்தால் அபராதம். கொடுக்காவிட்டால் வியாபாரம் இல்லை. இரண்டு பக்கமும் இடி. இந்த மத்தளம் யார்? தெருவில் கூடை வைத்துப் பிழைக்கும் ஏழை வியாபாரிதான்!

இத்தனைக்கும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று. வாங்க வருகிறவர் கையில் ஒரு துணிப்பை இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அபராதம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ந் தேதி. 14 வகைப் பொருள்கள் பட்டியலில் ஏறின. பிளாஸ்டிக் பை அதில் முக்கியமானது. மெல்லிசா, தடிமனா என்ற பேச்சே கிடையாது. எந்தக் கனத்தில் இருந்தாலும் தடைதான். பால், தயிர், எண்ணெய், மருந்து போன்றவற்றை அடைத்து வரும் உறைகளுக்கு விலக்கு தரப்பட்டது.

அதே 2019 ஜூனில் அபராதப் பட்டியலும் வந்தது. தெருவோரச் சிறு வியாபாரி முதல் தடவை மாட்டினால் 100 ரூபாய். இரண்டாம் தடவை 200. மூன்றாம் தடவை 500.

மளிகைக் கடை, மருந்துக் கடை போன்ற நடுத்தரக் கடைகளுக்கு 1,000, 2,000, 5,000 என்று ஏறியது. பெரிய ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் என்றால் தொடக்கமே 10,000 ரூபாய்.

கூடைக்காரிக்கு 100 ரூபாய்தானே என்று நினைக்க வேண்டாம். கீரைக்கட்டு விற்று 100 ரூபாய் மிச்சம் பார்ப்பது எத்தனை மணி நேர வேலை என்று அவரைக் கேட்டால் தெரியும்.

தடை வந்த புதிதில் கடைகளில் கவர் மறைந்தது. வாழை இலையும் நியூஸ் பேப்பரும் திரும்பி வந்தன. 2020-ல் கொரோனா வந்தது. கெடுபிடி தளர்ந்தது. கவரும் மெல்லத் தலையை நீட்டியது. ‘கேட்கிறவர்களுக்கு மட்டும்’ என்று கல்லாவுக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

கேட்பதை நிறுத்தினால் கொடுப்பதும் நின்றுவிடும். ஆனால் கேட்காமல் இருக்க வேண்டுமானால் கையில் பை வேண்டுமே!

அப்பாவின் பேண்ட் பை

கவர் வருவதற்கு முன்பு ஜனங்கள் எப்படிக் கடைக்குப் போனார்கள்?

வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஆணியில் நாலைந்து பைகள். ஒன்று கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு கொடுத்த தாம்பூலப் பை. மணமக்கள் பெயர் அச்சடித்தது. இன்னொன்று ஜவுளிக் கடையில் தீபாவளிக்குக் கொடுத்த மஞ்சப்பை. மூன்றாவது, அப்பாவின் பழைய பேண்டை வெட்டித் தைத்தது. அதுதான் அரிசிக்கு. என்ன கனம் போட்டாலும் தாங்கும்.

காய்க்கு வயர் கூடை. எண்ணெய்க்குத் தூக்கு. மீனுக்கு ஓலைப்பை. எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது.

மஞ்சப்பைக்கு அப்போது ஒரு கெட்ட பெயரும் இருந்தது. ஊரில் இருந்து பட்டணத்துக்குப் பிழைக்க வந்தவன் என்றால் கையில் மஞ்சப்பை. சினிமாவில் பட்டிக்காட்டான் வேஷம் என்றாலும் கையில் மஞ்சப்பை. “மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான் பாரு” என்று கேலி பேசினார்கள்.

அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் பையை வீட்டில் போட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார்கள். பளபளக்கும் கவர் வந்ததும் அதுதான் நாகரிகம் என்று ஆகிவிட்டது.

சுவீடனில் பிறந்த கவர்

இரண்டு காதோடு ஒரே துண்டாக வரும் பிளாஸ்டிக் கவர் பிறந்தது சுவீடன் நாட்டில். செல்லோபிளாஸ்ட் என்ற கம்பெனியில் வேலை பார்த்த ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற என்ஜினீயரின் யோசனை அது. 1965-ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

எடை இல்லை. விலை இல்லை. நனையாது. கடைக்காரருக்கு லாபம், வாங்குபவருக்குச் சுகம். உலகம் முழுவதும் பரவிவிட்டது.

இந்தியாவில் சர்க்கார் முதலில் தடுக்கப் பார்த்தது தடை போட்டு அல்ல, கனத்தைக் கூட்டி! 1999-ல் கவர் 20 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2011-ல் அது 40 ஆனது. 2016-ல் 50. 2021 செப்டம்பரில் 75. 2022 கடைசியில் 120.

ஏன் இந்தக் கனக் கணக்கு? பழைய பேப்பர், பாட்டில் பொறுக்குகிறவர்கள் மெல்லிய கவரைத் தொடமாட்டார்கள். கிலோ சேருவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். கனமாக இருந்தால் எடை வரும். எடை வந்தால் காசு வரும். காசு வந்தால் குப்பையில் கிடக்காது. இதுதான் கணக்கு.

யாரும் பொறுக்காத மெல்லிய கவர் எங்கே போகும்? காற்றில் பறக்கும். சாக்கடையில் விழும். இல்லையென்றால்...

பசு வயிற்றில் 52 கிலோ!

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு பசு மாடு வந்தது. வலி தாங்காமல் தவித்தது. டாக்டர்கள் ஆபரேஷன் செய்தார்கள். மணிக்கணக்கில் நடந்தது.

வயிற்றில் இருந்து வெளியே வந்தது 52 கிலோ பிளாஸ்டிக்! ஒரு மூட்டை அரிசியைவிட அதிகம்!

மாடு ஏன் கவரைத் தின்கிறது? அதற்குக் கவர் மேல் ஆசை இல்லை. மிச்சச் சோறு, காய்த்தோல், சாம்பார் எல்லாவற்றையும் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுத் தெருவில் எறிகிறோம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. கவரோடு விழுங்குகிறது. சோறு ஜீரணமாகும். கவர் ஆகாது. உள்ளேயே சுருண்டு, பந்தாகிக் கிடக்கும். நாளாக ஆகத் தீவனத்துக்கு இடம் இருக்காது.

மழைக் காலத்தில் இதே கவர் வேறு வேலை செய்கிறது. மழைநீர் வடிகால் வாயில் ஒட்டிக்கொள்கிறது. இலை, மண், குப்பை எல்லாம் அதன் மேல் வந்து சேரும். தண்ணீர் போக வழி இல்லாமல் தெருவில் நிற்கும்.

வங்காளதேசத்தில் 1988-லும் 1998-லும் வந்த பெருவெள்ளத்தில் வடிகால்களை அடைத்தது பிளாஸ்டிக் கவர்தான் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2002-ல் அந்த நாடு கவருக்குத் தடை போட்டது. உலகத்தில் முதலில் நாடு முழுக்கத் தடை போட்டது அவர்கள்தான்.

10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை

கேலிக்கு ஆளான மஞ்சப்பைக்கு 2021-ல் மறுபடி மரியாதை வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி சென்னை கலைவாணர் அரங்கத்தில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார்.

2022-ல் கோயம்பேடு மார்க்கெட்டுக்கு ஒரு எந்திரம் வந்தது. 10 ரூபாய் போட்டால் ஒரு மஞ்சப்பை வெளியே வரும். பிறகு மற்ற ஊர்களிலும் இதைப்போல எந்திரங்கள் வைத்தார்கள். பை தைக்கும் வேலை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் கிடைத்தது.

நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு தடவையும் பையை மறந்துவிட்டு வந்து 10 ரூபாய் போட்டுப் புதுப்பை வாங்கினால்? வீட்டில் பை குவியும். அது இன்னொரு தப்பு!

131 தடவை தூக்கணும்!

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது.

புதுத் துணிப்பை சும்மா வந்துவிடவில்லை. பருத்தி விளையத் தண்ணீர், உரம், மருந்து வேண்டும். நூற்க, நெய்ய, வெளுக்க, சாயம் போடக் கரண்டு வேண்டும். லாரியில் ஏற்ற டீசல் வேண்டும்.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பூமியைச் சூடாக்கும் விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்த்தார்கள். ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குச் சமமாக வர, ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கு வந்தது.

131 தடவை! வாரம் ஒருநாள் சந்தைக்குக் கொண்டு போனால் இரண்டரை ஆண்டு. தினமும் காய் வாங்கக் கொண்டு போனால் நாலரை மாதம்.

‘அப்ப கவரே மேல்’ என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அந்தக் கணக்கில் மாட்டு வயிறு இல்லை. அடைத்த சாக்கடை இல்லை. அதோடு, நன்றாகத் தைத்த துணிப்பை 131 தடவை தாராளமாகத் தாங்கும். துவைத்து துவைத்துப் பல வருஷம் வரும்.

இந்தக் கணக்கில் இருந்து தப்பிக்க ஒரு சுலப வழியும் உண்டு. புதுத் துணி வேண்டாம். வீட்டில் பீரோவுக்கு அடியில் கிடக்கும் பழைய துணியில் தைத்தால் போதும். அதற்கு விளைந்த பருத்தி ஏற்கெனவே விளைந்தாகிவிட்டது. செலவான தண்ணீர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. தையல் கூலியும் நூலும்தான் புதுசு.

இதோ சேலைக் கணக்கு

ஒரு சேலை ஐந்தரை மீட்டர். அகலம் சுமார் 45 இஞ்ச்.

அகலத்தில் 16 இஞ்ச் வீதம் இரண்டு பட்டை கிழியுங்கள். 13 இஞ்ச் மிச்சம் இருக்கும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். காதுக்கு அதுதான்.

16 இஞ்ச் பட்டை ஒவ்வொன்றையும் 35 இஞ்ச் நீளத்துக்கு வெட்டினால் ஒரு பட்டைக்கு 6 துண்டு. இரண்டு பட்டைக்கு 12 துண்டு. ஒரு துண்டு ஒரு பை.

மிச்சம் உள்ள 13 இஞ்ச் பட்டையை 4 இஞ்ச் அகலமாக மூன்றாக்கி, 22 இஞ்ச் நீளத்துக்கு வெட்டினால் 27 துண்டு கிடைக்கும். 12 பைக்கு வேண்டியது 24 காது. மூன்று துண்டு உபரி!

சேலை நைந்து மெல்லிசாக இருந்தால் இரண்டு துண்டை ஒன்றாக வைத்துத் தைக்க வேண்டும். அப்போது 6 பை வரும். பாலியஸ்டர் சேலை என்றாலும் பரவாயில்லை. வழுக்கும், மெதுவாக ஓட்ட வேண்டும். ஆனால் கெட்டி.

தைப்பது எப்படி?

முதலில் காது. 4 இஞ்ச் துண்டை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரிக்கவும். நடுவில் கோடு தெரியும். இரண்டு ஓரத்தையும் அந்தக் கோடு வரை மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் ஓர் இஞ்ச் அகலத்தில் நாலு மடிப்புக் காது தயார். இரண்டு ஓரமும் தையல் ஓட்டவும்.

அடுத்து வாய். துண்டின் இரண்டு முனையிலும் அரை இஞ்ச் மடித்து, மேலே ஓர் இஞ்ச் மடித்துத் தைக்கவும்.

பிறகு காதை வைக்க வேண்டும். பையின் ஓரத்தில் இருந்து சுமார் 4 இஞ்ச் உள்ளே தள்ளி வைக்கவும். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். பை எங்கே கிழியும்? துணியில் கிழியாது. காது சேரும் இடத்தில்தான் பிய்த்துக்கொள்ளும். அதனால் ஒற்றைத் தையல் ஆகாது. சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே இரண்டு தையல். அப்புறம் ஐந்து கிலோ அரிசி போட்டாலும் அசையாது.

கடைசியில் பக்கங்கள். துண்டைப் பாதியாக மடித்து, நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி கால் இஞ்ச் தையல் போடவும். பிறகு பையை உள்பக்கம் திருப்பி, அதே ஓரத்தில் இன்னொரு தையல். பிசிறு உள்ளே மாட்டிக்கொள்ளும். நூல் பிரியாது. ஓவர்லாக் எந்திரம் தேவை இல்லை.

திருப்பினால் 15 இஞ்ச் அகலம், 16 இஞ்ச் ஆழத்தில் ஒரு பை. மடித்தால் சட்டைப் பையில் அடங்கும்.

கெட்டித் துணி என்றால் மெஷினில் 16-ம் நம்பர் ஊசி போட வேண்டும். மெல்லிய ஊசி பட்டென்று ஒடியும்.

பேண்ட் பை இன்னும் சுலபம். முழங்காலுக்கு மேல் உள்ள காலை வெட்டி, அடியைத் தைத்தால் பை. பக்கத் தையல் ஏற்கெனவே இருக்கிறது. இடுப்புப் பட்டியை வெட்டிக் காதாக வைக்கலாம். பின் பாக்கெட்டைப் பிரித்து மேலே தைத்தால் சில்லறை போட இடம்!

வீட்டில் மெஷின் இல்லையா? தெருமுனையில் பழைய துணி தைக்கும் தையல்காரரிடம் கொடுக்கலாம். ரெடிமேட் சட்டை வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துபோச்சு. ஜிப் மாற்றுவதும் பேண்ட் அடி மடிப்பதும்தான் மிச்சம். பத்துப் பை தைக்கக் கொடுத்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

துணி மாதிரி... ஆனால் துணி இல்லை!

கடைகளில் இன்னொரு பை வருகிறது. தொட்டால் துணி மாதிரி இருக்கும். பல கலரில் வரும். பார்க்க அழகு. ‘இது துணிப்பைதான் சார்’ என்று கொடுப்பார்கள்.

ஏமாற வேண்டாம். அது நெய்த துணி இல்லை. பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை இழையாக்கி, சூட்டில் ஒட்டியது.

கண்டுபிடிப்பது சுலபம். பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்த துணி என்றால் குறுக்கும் நெடுக்குமாக நூல் தெரியும். இதில் நூலே இருக்காது. சின்னச் சின்னப் புள்ளி அச்சுதான் தெரியும். ஓரத்தில் ஒரு துளி வெட்டி நெருப்பில் காட்டினால் பருத்தி சாம்பலாகும். இது உருகிச் சொட்டும்.

மீன், கறிக்கு என்ன செய்வது?

“காய்க்குச் சரி. மீன் வாங்கத் துணிப்பையா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

அதற்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாதான் சரி. வெறும் டப்பாவை முதலில் எடை போட்டுக் கழித்துக்கொள்ளச் சொன்னால் மீன்காரம்மா முகம் சுளிக்கமாட்டார். அவருக்கும் கவர் செலவு மிச்சம்.

கீரை, கொத்தமல்லிக்கு ஈரம் உண்டு. அதற்குத் தனியாக ஒரு சின்னப் பை வைத்துக்கொண்டால் மற்ற சாமான் நனையாது. வாரம் ஒருமுறை பைகளைத் துவைத்து வெயிலில் போட்டால் நாற்றம் வராது. கறி, மீன் பையைக் காய்க்குப் பயன்படுத்தக் கூடாது.

பை எங்கே இருக்கணும்?

தைப்பது பாதி வேலை. கையில் இருப்பது மீதி வேலை.

ஆணியில் தொங்கும் பை கீரை தூக்காது! ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இரண்டு. ஆபீஸ் பையில், டிபன் பாக்சுக்குப் பக்கத்தில் ஒன்று. செருப்பு விடும் இடத்தில் ஒன்று. சாமான் இறக்கி வைத்த உடனே பையை மடித்து எடுத்த இடத்தில் வைத்துவிட வேண்டும். ‘அப்புறம் வைக்கலாம்’ என்றால் மறுநாள் வெறுங்கைதான்.

கடைக்காரர்களும் ஒன்று செய்யலாம். வாடிக்கைக்காரர் பையை மறந்து வந்தால் ஒரு துணிப்பையைக் கொடுத்து, “அக்கா, நாளைக்கு வரும்போது கொண்டாங்க” என்று சொல்லலாம். பை திரும்பி வரும். பையோடு வாடிக்கையும் வரும்.

12 பைக்கு ஒரு பழைய சேலை. கொஞ்சம் நூல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தெருவோர வியாபாரிக்கு 100 ரூபாய் அபராதம் மிச்சமாக இவ்வளவுதான் செலவு.